லாட்ஜ் என்று சொன்னார்கள்

பொய் சொல்லப் போகிறவன் முதலில் தரையைக் கழுவுவான் என்பது பம்பரத்தின் சித்தாந்தம். அந்தப் பழைய மூன்று மாடிக் கட்டடத்துக்குள் கால் வைத்ததும் அவனுக்கு அது ஞாபகத்துக்கு வந்தது. ஃபினாயிலைத் தெளித்ததாகத் தெரியவில்லை, கட்டடத்தையே அதில் முக்கி எடுத்திருந்தார்கள். சுவரெல்லாம் புதுப் பெயின்ட் வேறு. அத்தனைக்கும் அடியில், ஈரத் துணியை மூட்டை கட்டி எங்கோ மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை. காலையில் சாப்பிட்டது அவன் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"அண்ணி, இது லாட்ஜுன்னா நான் வெளியுறவுத் துறை மந்திரி," என்றான்.

"மந்திரின்னா மூக்கை நம்பி அறிக்கை விடலாம். நமக்கு அந்த வசதி இல்லை தம்பி. உள்ள வா," என்றாள் அண்ணி.

அண்ணிக்கு ஊரில் கறார் என்று பெயர். கட்டட அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில் பல காலம் குப்பை கொட்டியவள். அந்தக் குப்பை தன் கையிலும் ஒட்டத் தொடங்குகிறது என்று தெரிந்த அன்றைக்கே வேலையை உதறிவிட்டு வெளியே வந்தாள். இப்போது பழைய கட்டடங்களைத் துப்புத் துலக்குவது அவள் தொழில். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற மாதிரி, ஒரு கட்டடத்தை வாங்குவதற்கோ திருத்துவதற்கோ முன்னால் அதன் பூர்வோத்தரத்தை விசாரித்துச் சொல்வாள். பம்பரத்தின் அண்ணன் வீட்டில் உலை வைத்துவிட்டுக் காத்திருப்பார். கொழுந்தனார் பம்பரம் அளவு நாடாவையும் டார்ச்சையும் வாயையும் சுமந்துகொண்டு அண்ணி பின்னால் சுற்றுவான். இந்த மூன்றில் வாய்தான் கனம் அதிகம் என்று அண்ணன் சொல்வதுண்டு.

இந்த வேலையைக் கொடுத்தவள் சிஸ்டர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். படுத்த படுக்கையாகிவிட்ட பதினோரு பேரை ஒரு வாடகை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அதில் ஒருவர் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். அக்கம்பக்கத்தவர்களுக்கு வாடை பிடிக்கவில்லையாம். மாசக் கடைசிக்குள் காலி செய்யும்படி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நோயாளி என்றதும் எந்த வாசலும் திறக்கவில்லை. இந்த ஒரு கட்டடம்தான் திறந்தது. இது கிடைத்தால் பதினோரு பேருக்கும் கூரை, இல்லையென்றால் தெரு.

சிக்கல் அலுவலகத்தில் இருந்தது. ஒரு கட்டடத்தைத் திருத்துவதற்கு முன்னால், இதுவரை அது முறைப்படி என்னவாக இருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். லாட்ஜாக இருந்தது என்றால், ஏற்கெனவே மனிதர்கள் தங்கின இடம், நோயாளிகளை வைக்கச் சில திருத்தங்கள் போதும். கோடவுனாக இருந்தது என்றால் கதையே வேறு. மூட்டைக்கு ஒரு படிக்கட்டு போதும், தீப்பிடித்தால் மூட்டை ஓட வேண்டியதில்லை. மனிதருக்கு, அதுவும் எழுந்திருக்கவே முடியாத மனிதருக்கு, இன்னொரு படிக்கட்டு, அகல வாசல், சாய்தளம் எல்லாம் கட்ட வேண்டும். அதற்கு ஒரு வருஷம் ஆகும். இந்தக் கட்டடத்தின் கோப்போ, அலுவலகத்தில் வெள்ளம் புகுந்தபோது மற்ற கோப்புகளோடு கூழாகிவிட்டது. நம்பகமான யாராவது நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நம்பகமான யாராவதுதான் கறார்.

கட்டடத்துக்காரர் வாசலிலேயே வரவேற்றார். முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. பார்த்த மாத்திரத்தில் பம்பரம் அவருக்குப் பற்பசை என்று பெயர் வைத்துவிட்டான். அப்பா காலத்திலிருந்தே இது லாட்ஜ்தான் என்றும், ஆறு மாதமாகத்தான் பூட்டிக் கிடக்கிறது என்றும், தண்ணீர் இணைப்பைக்கூடத் துண்டித்தாயிற்று என்றும், சிஸ்டருடைய தொண்டு உள்ளத்தைப் பார்த்துத்தான் இதைக் கொடுக்க முன்வந்தார் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். வரவேற்பு மேஜையையும் அதற்குப் பின்னால் சாவி மாட்டுகிற பலகையையும் காட்டினார். பலகையில் ஆணிகள் பளபளத்தன. ஒரு சாவிகூட உரசாத ஆணிகள்.

முதல் மாடியில் நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள். கதவுக்குக் கதவு எண், உள்பக்கம் தாழ்ப்பாள், கண் உயரத்தில் வெளியே நிற்பவரைப் பார்க்கச் சின்னக் கண்ணாடி. குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடவே வந்திருந்த சிஸ்டர் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்து, இங்கே யாரைப் போடலாம், அண்ணனுக்கு ஜன்னல் பக்கம் கிடைக்குமா என்று வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே பம்பரத்துக்குச் சங்கடமாக இருந்தது.

அண்ணி ஓர் அறைக்குள் போய் விளக்கைப் போடச் சுவரைத் தடவினாள். சுவிட்ச் இல்லை. வெளியே நடையில் இருந்தது.

தங்குகிறவர்கள் விளக்கை எரியவிட்டே போய்விடுகிறார்கள், அதனால் எல்லா சுவிட்சையும் வெளியே வைத்துவிட்டேன் என்று பற்பசை விளக்கம் சொன்னார். சிக்கனம் அவர்கள் பரம்பரைக் குணமாம்.

"அப்ப ராத்திரி ஒவ்வொரு ரூமா போய், தூங்குங்க கண்ணுங்களான்னு நீங்களே அணைச்சிட்டு வருவீங்களா சார்?" என்று கேட்டான் பம்பரம்.

பற்பசை அதற்கும் சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே அறையை ஒரு சுற்று வந்தாள். அடுத்த அறை, அதற்கடுத்த அறை. பிறகு பம்பரத்தை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"லாட்ஜுல ரூம் போட்டா நீ முதல்ல என்ன தேடுவ?"

"ஜன்னலைத் திறந்தா என்ன தெரியுதுன்னு பார்ப்பேன்."

"சட்டை மாட்ட ஆணி தேடுவ. இல்லைன்னா நீயே ஒண்ணு அடிப்ப. கண்ணாடி தொங்கவிட ஒண்ணு, துண்டு காய கயிறு கட்ட ரெண்டு. அப்பா காலத்துலேருந்து லாட்ஜாம். ஒரு சுவர்லயும் ஆணி அடிச்ச ஓட்டை இல்லை. பெயின்ட்டு அடிச்சா நிறம்தான் மாறும், ஓட்டை தடவினா தெரியும்."

பம்பரத்துக்கும் அது உறைத்தது. சட்டையைக் கழற்றாத விருந்தாளிகளா என்று நினைத்துக்கொண்டான்.

அதற்குள் அண்ணி கதவுக்கு நகர்ந்திருந்தாள். கதவின் நடைப்பக்கம், அடியில், தரையோடு ஒட்டி, பெயின்ட்டுக்குக் கீழே கோடு கோடாக ஏதோ தெரிந்தது. பம்பரம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். மரத்தைக் கீறியிருந்தார்கள். நாலு நாலு கோடாக, ஒன்றின் மேல் ஒன்றாக, மரம் பள்ளம் விழுகிற அளவுக்கு. பக்கத்துக் கதவிலும் அப்படியே. எதிர்க் கதவிலும்.

"நாயா?" என்றாள் அண்ணி.

நாய்தான் என்று பற்பசை உடனே ஒப்புக்கொண்டார். தெருநாய்கள் படியேறி வந்துவிடுகின்றனவாம்.

பெருவெள்ளத்தில் போகிறவனுக்குத் துரும்பு கிடைத்த மாதிரி அந்த நாயைப் பிடித்துக்கொண்டாரே என்று பம்பரம் நினைத்தான். அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு அந்த ஃபினாயில் தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். படுத்தபடியே கையை நீட்டி விரல்களைக் கதவில் வைத்தாள். அவளுடைய நாலு விரலும் நாலு கோட்டிலும் பொருந்தி உட்கார்ந்தன.

பம்பரம் டார்ச்சைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இப்படிக் கீறினவங்க படுத்துக்கிட்டுக் கீறியிருக்காங்க," என்றாள் அண்ணி, எழுந்து கையைத் தட்டிக்கொண்டே. "ஆனா லாட்ஜ் நடையில படுத்துக்கிட்டு, உள்ள விடுன்னு யாராவது எல்லாக் கதவையும் கீறுவாங்களா? வெளியே விடுன்னு வேணா கீறுவாங்க. தம்பி, பேனாக்கத்தி இருக்கா?"

கதவு நிலையில், கீல் இல்லாத பக்கத்தை அவள் சுண்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே குத்தச் சொன்னாள். பம்பரம் குத்தினான். பெயின்ட்டுக்கு அடியில் மரத்துக்குப் பதிலாக, ஓட்டையை அடைக்கப் பூசின பட்டி மாவு உதிர்ந்தது. உதிர உதிர ஒரு கீல் உட்காருகிற பள்ளம் பிறந்தது, திருகாணித் துளைகளோடு. சற்றுக் கீழே இன்னொன்று. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு காலத்தில் இந்தக் கதவு இந்தப் பக்கம் தொங்கியிருக்கிறது. பிறகு கழற்றி, முகத்தைத் திருப்பி, மறுபக்கம் மாட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு உள்ளே இருக்கிற தாழ்ப்பாள் அன்றைக்கு வெளியே இருந்தது. இன்றைக்கு நடையைப் பார்க்கிற கீறல் அன்றைக்கு அறைக்குள் இருந்தது.

"விளக்கைக்கூட வெளியேயிருந்து அணைச்சு மிச்சம் பிடிக்கிறவர், வாசல்ல யார் நிக்கிறாங்கன்னு விருந்தாளி பார்க்கட்டும்னு கதவுக்குக் கதவு கண்ணாடி வெச்சுக் கொடுத்தாரேன்னு எனக்கு அப்பவே இடிச்சுது," என்றாள் அண்ணி. "அது நீங்க உள்ள பார்க்க வெச்ச கண்ணாடி. புதுக் கதவு வாங்கியிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். உங்க பரம்பரைக் குணம் விடலை."

பற்பசைக்கு வியர்த்தது. ஆனால் ஆச்சரியம், சிரிப்பு போகவில்லை. இதில் தப்பாக ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார். புத்தி சரியில்லாதவர்கள், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள், அவர்களுக்கு ஓர் இடம் வேண்டாமா? சொந்தக்காரர்களே காரில் கொண்டுவந்து விட்டார்கள். அவராக யாரையும் பிடித்து வந்ததில்லை. ஓடிப்போய் ரோட்டில் அடிபடாமல் இருக்கத்தான் தாழ்ப்பாள். எல்லாம் அவர்கள் நன்மைக்குத்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இழுத்து மூடியாயிற்று.

சொல்லிவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். சொல்லும்போது முகம் மறுபடி பிரகாசமாகிவிட்டது.

"யோசிச்சுப் பார்த்தா இது இன்னும் நல்லதுதானே மேடம். லாட்ஜுன்னு எழுதாதீங்க. பராமரிப்பு இல்லம்னு எழுதுங்க. தானா எழுந்து வெளியே போக முடியாதவங்க இருந்த இடம். சிஸ்டர் கொண்டுவரப் போறவங்களும் அதே ரகம்தானே? வகையே மாறலை. ஒரு செங்கல்லைக்கூட மாத்த வேண்டாம்."

செய்த பாவத்தையே தகுதிச் சான்றிதழாகக் கொண்டுவந்து நீட்டுகிற மனிதனைப் பம்பரம் அன்றைக்குத்தான் பார்த்தான். அந்த ஆளோடு ஒரே காற்றைச் சுவாசிப்பதே அருவருப்பாக இருந்தது. அண்ணி என்ன சொல்லப் போகிறாள் என்று திரும்பினான். ஆனால் பேசியது சிஸ்டர்.

"அப்படி எழுத முடியுமா?" என்றாள், அண்ணியைப் பார்க்காமல்.

சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் கேட்கக்கூடாதுதான், ஆனால் பதினோரு பேர், மாசக் கடைசி, நான் என்ன செய்வேன், நான் யாரையும் பூட்டப் போவதில்லையே என்று துண்டு துண்டாகச் சொன்னாள். அண்ணி குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாள். அனுமதி இல்லாமல் நடந்தது எத்தனை காலம் நடந்தாலும் கட்டடத்தின் வகை ஆகாது. இந்தப் படிக்கட்டையும் கனத்த தூண்களையும் பார்த்தாலே தெரிகிறது, இது மூட்டை அடுக்கக் கட்டின கோடவுன். ஒரே படிக்கட்டுள்ள கோடவுனின் மாடியில் எழுந்திருக்க முடியாத பதினோரு பேரைக் கிடத்த அவள் கையெழுத்துப் போட மாட்டாள். அதில் சிஸ்டரின் அண்ணனும் ஒருவர் என்று ஞாபகப்படுத்தினாள்.

சிஸ்டர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குமேல் பம்பரத்தின் வயிறு தாங்கவில்லை. வாடை, பல், அந்த நாலு நாலு கோடுகள் எல்லாம் சேர்ந்து மேலே வந்தன. வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி, பின்வாசலைத் தள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். சாக்கடை ஓரமாகக் குனிந்து, காலைச் சாப்பாட்டை முழுக்கத் திருப்பிக் கொடுத்தான். அண்ணன் கைப்பக்குவத்துக்கு இந்தக் கதி வந்ததே என்று நொந்துகொண்டு வாயைத் துடைத்தபோதுதான் அதைக் கவனித்தான். அவன் வாந்தி எடுத்தது நின்ற இடத்தில் நிற்கவில்லை, நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

சாக்கடையில் தண்ணீர் ஓடியது. பால் மாதிரி வெள்ளையாக, ஃபினாயில் கலந்த தண்ணீர். இப்போதுதான் யாரோ எதையோ கழுவிவிட்ட தண்ணீர். கட்டடத்திலோ ஆறு மாதமாகத் தண்ணீர் இணைப்பே கிடையாது. அவன் அந்த வெள்ளைக் கோட்டைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தான். அது கட்டடத்திலிருந்து வரவில்லை. கொல்லையின் கோடியில், தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகைக்கு அடியிலிருந்து வந்தது.

பம்பரம் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போனான். பின்னால் இருக்கிற கொட்டகை என்ன என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். பழைய மரச் சாமான் போட்டு வைத்திருக்கிறது என்றார் பற்பசை.

"மரச் சாமான் குளிக்குமா சார்?" என்றான் பம்பரம். "அண்ணி, சாக்கடை ஓடுது."

பற்பசையின் உதடுகள் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன. அண்ணிக்கு அதுவே போதுமாக இருந்தது. இந்த இடம் முன்னால் என்னவாக இருந்தது என்றுதான் இவ்வளவு நேரம் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது என்னவாக இருக்கிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று இந்த ஆள் சொன்னதை அவளும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் முகத்தில் தன் மேலேயே ஒரு கசப்பு ஏறியதைப் பம்பரம் பார்த்தான். கொட்டகைக்குப் போகிற வழியிலேயே போலீஸுக்கு ஃபோன் செய்தாள். இடத்தைச் சொன்னாள், ஆம்புலன்ஸும் வேண்டும் என்றாள்.

கொட்டகைக் கதவு பூட்டியிருக்கவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. தாழ்ப்பாள் வெளியே இருந்தது.

அண்ணி அதை இழுத்துத் திறந்தாள். நாற்றம் முதலில் வந்தது, கண்ணுக்கு ஒவ்வொன்றாகப் பிறகு தெரிந்தது. ஜன்னல் இல்லை. ஒரு மூலையில் வாளி. அந்த வாளிக்குப் பக்கத்திலேயே சோற்றுத் தட்டுகள். கழுவிவிட்ட ஈரத் தரையில், சுவரோரமாக ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. எல்லோருக்கும் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தது. ஓர் ஆளின் கணுக்காலில் கயிறு இருந்தது. கதவு திறந்து வெளிச்சம் விழுந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மனுஷனா இவன், த்தூ, என்று பம்பரம் வாய்விட்டே துப்பினான்.

சிஸ்டர் கடைசியாக வந்து வாசலில் நின்றாள். உள்ளே பார்த்தாள். செருப்பை உதறிவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே போனாள். கயிறு கட்டியிருந்த ஆளின் முன்னால் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பம்பரத்திடம் கத்தியைக் கேட்டு வாங்கினாள். அறுத்த இடத்தில் இருந்த புண்ணைப் பார்த்துவிட்டு, சுத்தமான தண்ணீரும் துணியும் கொண்டுவரச் சொன்னாள்.

"என் வண்டியை வரச் சொல்லுங்க," என்றாள் பிறகு, திரும்பாமலே. "ஆஸ்பத்திரியில காட்டிட்டு எல்லாரும் என் வீட்டுக்குத்தான்."

"சிஸ்டர், மாசக் கடைசி..." என்று இழுத்தான் பம்பரம்.

"தெரியும். வரச் சொல்லுங்க."

பற்பசை கொட்டகைக்கு வெளியே நின்று வாதாடிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் வீட்டார் சம்மதம் இருக்கிறது, வேறு இடம் கிடைக்கிறவரைக்கும்தான் இங்கே வைத்திருக்கிறது, வீட்டார் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அதோ கோடியில் இருக்கிற அம்மாவின் மகள் வருஷம் தவறாமல் வருகிறாள், போன தடவை வயசுக்கு வந்த தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தாள் என்று, ஏதோ அதில் பெருமைப்பட விஷயம் இருக்கிற மாதிரி சொன்னார். அண்ணி அவரைப் படியில் உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார்.

போலீஸ் வருவதற்குள் இவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிவிடு, வந்த பிறகு பயந்துகொள்வார்கள் என்று அண்ணி பம்பரத்திடம் சொன்னாள். அவன் கோடியிலிருந்த அம்மாவிடம் போய்க் குந்தினான். நரைத்த முடி தலையில் முள் முள்ளாக நின்றது. அவன் அம்மாவின் வயசு இருக்கும், அதிகமாகவும் இருக்கலாம். தன்னைப் பார்த்து ஒரு மனிதன் தாழக் குந்துவது அவளுக்குப் பழக்கமில்லை போலிருந்தது. அவன் பெயர் கேட்டான். அவள் அவனுடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டு என்ன பண்ணுவ?" என்றாள். குரல் தெளிவாக இருந்தது.

"வீட்டுக்குத் தகவல் சொல்லுவோம்மா."

அவள் சட்டென்று கையை நீட்டிப் பேனாவை மூடிக்கொண்டாள். நாலு விரலிலும் நகம் இல்லை.

"வீட்டுக்கு மட்டும் சொல்லாதப்பா. எம் பொண்ணுக்கு இப்பதான் கல்யாணம் பேசிட்டு இருக்காங்க. இப்படி ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சா நின்னு போயிடும். முடியட்டும்னு இருக்கேன். முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா."

வயசுக்கு வந்த பேத்தியைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு வந்த அந்த மகள் பம்பரத்துக்கு ஞாபகம் வந்தாள். அவன் படியில் உட்கார்ந்திருந்த ஆளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தான்.

"சொல்லலம்மா," என்றான்.